மலையிற் கழித்த மூன்று நாட்கள்

பல்லாவரத்தில் வாழ்வோர்க்கு மலை என்பது புதுப்பொருள் அன்று. சென்னையிலிருந்து தாம்பரம் நோக்கி மின்சார வண்டியிற் செல்வோர் பரங்கிமலையைக் கடந்தபின், திரிசூலத்தின் கரிய பாறைகளையும், அவற்றை அடுத்துப் பல்லாவரத்துக் குன்றுகளையும் காண்பர். உயரத்தால் இவை சிறியன, பழமையாலோ பெரியன. இக்குன்றுகளுள் ஒன்றில் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயில், பிற்காலத்தே தர்காவாக மாறியது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் இவ்வூர்ச் சரளைக் குழியொன்றிற் பழைய கற்காலத்துக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சி அக்கல்லிலிருந்தே தொடங்கியது என்பர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய மறைமலையடிகள், 1911ஆம் ஆண்டு அப்பணியினின்று நீங்கியபின் இவ்வூரிற் குடியேறித் தமிழ்த்தொண்டு ஆற்றியதைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர்.

இக்குன்றுகளின் கருங்கல்லுக்கு உலகத்து நிலநூலார் வழங்கும் பெயர் சார்னோக்கைட்டு என்பது. கல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைமேல் இருக்கும் கல் இவ்வினத்தைச் சார்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலண்டு என்னும் அறிஞர் அக்கல்லையும் சென்னைக்குத் தெற்கேயுள்ள பாறைகளையும் ஆராய்ந்து, அவ்வணிகரின் பெயரையே கல்லுக்கும் இட்டார். இவ்வாறு எம்மூர்க் கல்லுக்கு உலகப் பெயர் உண்டாயிற்று. ஆனால் அக்கல்லை உடைத்தவர்களுக்கு அப்பெயர் தெரியாது. அவர்கள் அதனைக் கருங்கல் என்றார்கள். உடைத்தபின் ஜல்லி என்றார்கள். ஆண்டுதோறும் குன்று குறைந்தது, குழி ஆழ்ந்தது, குழியில் மழைநீர் தேங்கியது. 2017ஆம் ஆண்டின் வறட்சியில், எம்மூர்க்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள சிக்கராயபுரத்துக் கல்குழிகளின் நீரைத் தூய்மை செய்து சென்னை மக்களுக்குக் குடிநீராக வழங்கும் நிலையும் வந்தது. மலையிருந்த இடத்தில் நீர் நிற்பதை எம் ஊரார் வியப்பின்றிப் பார்த்துப் பழகிவிட்டனர்.

எம் பாட்டியார் தம் பதினான்காம் வயது முதற்கொண்டு அத்தகைய குழியொன்றில் ஜல்லி உடைத்தவர். பாட்டனார் சம்மட்டி கொண்டு பெருங்கல்லைப் பிளப்பார். பாட்டியார் கையளவுச் சுத்தியல் கொண்டு அதனைச் சிறு கல்லாக்குவார். அக்கூலியிலேயே எம் தந்தையாரும் சிற்றப்பாவும் வளர்ந்தனர். அக்கல்லைக்கொண்டே அடித்தளம் இட்ட சிறு வீடொன்றும் பல்லாவரத்தில் எழுந்தது. கல்தூசி நுரையீரலிற் படிந்து நெடுநாள் இருமிய பாட்டனார் 2001ஆம் ஆண்டு மறைந்தார். அன்று முதல் அவ்வீடே பாட்டியாரின் உலகமாயிற்று.

2019ஆம் ஆண்டில் அவ்வீட்டைக் குறித்து எம் குடும்பத்திற் பிளவு தோன்றியது. அடுக்குமாடி கட்டுவோர் சிலர் மனையை விலைக்குக் கேட்டனர். சிற்றப்பா தாம்பரத்தில் மின்கருவிகள் பழுதுபார்க்கும் கடை ஒன்று நடத்தி வந்தார். கடன் மிகுந்து வட்டி கட்ட இயலாத காலம் அது. ஆதலால் விற்றுவிடலாம் என்றார். தாய் உயிரோடிருக்கும்போது அவர் அடுப்பெரிக்கும் இடத்தை விற்பதெங்ஙனம் என்று தந்தையார் மறுத்தார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆயினும் அவர்கள் சொன்ன முறையில் நியாயம் இல்லை. கடுஞ்சொற்கள் பிறந்தன. அதன்பின் நான்கு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசினாரல்லர். பாட்டனாரின் நினைவு நாளில் ஒருவர் காலையில் வந்து விளக்கேற்றிச் செல்வார். மற்றவர் மாலையில் வருவார். இடையில் பாட்டியார் இருவருக்கும் தனித்தனியே சோறிடுவார்.

இந்நிலையில் 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில மாதங்கட்கு முன்பு பாட்டியார் ஒருநாள், "நான் நீலகிரி பார்க்க வேண்டும்," என்றார். யாங்கள் திகைத்தோம். முன்னொரு முறை ஏற்காடு செல்ல அழைத்தபோது, "மலையைப் பார்க்கக் காசு எதற்கு? அதை உடைத்துத்தானே காசு வாங்கினேன்," என்று சிரித்து மறுத்தவர் அவர். இப்போது ஆசை மட்டும் அன்று, நிபந்தனையும் இருந்தது. "பெரியவனும் வரவேண்டும், சின்னவனும் வரவேண்டும். இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் வந்தால் வருவேன். இல்லாவிட்டால் என்னை யாரும் எங்கேயும் அழைக்கவேண்டாம்." எழுபத்தாறு வயதுத் தாயின் இச்சொல்லைத் தட்ட இரு மக்களாலும் முடியவில்லை. எண்மருக்கும் பயணச்சீட்டுப் பல வாரங்கட்கு முன்பே பதிவு செய்யப்பட்டது.

மே மாதத்து மாலையொன்றில் பல்லாவரம் நிலையத்தில் யாங்கள் மின்சார வண்டி ஏறினோம். அதே வண்டியில் சிற்றப்பாவின் குடும்பத்தார் தாம்பரத்திலிருந்து முன்னரே ஏறி வந்திருந்தனர். பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து, சென்ட்ரல் நிலையத்தில் நீலகிரி விரைவு வண்டியைப் பிடித்தோம். இரவு முழுதும் வண்டி ஓடியது. காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது எதிரே நீலநிறத்து மதில் போல் மலை நின்றது. பாட்டியார் நெற்றியிற் கைவைத்து நெடுநேரம் நோக்கினார். பின்பு, "இதற்கு எத்தனை பேர் வேண்டும்?" என்றார். உடைப்பதற்கு என்பதை உணர யாங்கள் சிறிது நேரமாயிற்று.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை இரயிலைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரையிலான பகுதி 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. நீளம் 46 கிலோமீட்டர்; வளைவுகள் 208; குகைகள் 16; சிறிதும் பெரிதுமான பாலங்கள் 250. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை 2200 மீட்டர் வரை ஏறுகின்றது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையாதலால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுடைய இரும்புச் சட்டங்கள் அமைந்துள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றது. ஏறத்தாழ 12 அடி செல்வதற்குள் 1 அடி உயரும் அப்பாதையில் எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை; பின்னின்று தள்ளுகின்றது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் தடைக்கருவியை இயக்கும் ஊழியர் ஒருவர் கொடியோடு நிற்கின்றார். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு இவ்விரயிற் பாதையை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

வண்டி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவிலேயே செல்லும். அவசரக்காரர்க்கு அது துன்பம். எம் குடும்பத்தார்க்கோ அது பெருஞ்சோதனை. பெட்டியில் இருக்கைகள் எதிரெதிரே நெருங்கி இருந்தன. பாட்டியார் இருக்கை ஒதுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்று, மக்கள் இருவரையும் முழங்கால் முட்டும்படி எதிரெதிரே அமர்த்தினார். ஆயினும் அவர்கள் பேசவில்லை. "உன் சித்தப்பாவிடம் அந்தத் தண்ணீரைக் கேள்," என்று தந்தையார் எம் தங்கையிடம் சொல்வார். "உன் பெரியப்பா சன்னலைச் சாத்தச் சொல்," என்று சிற்றப்பா தம் மகனிடம் சொல்வார். ஒரு முழத் தொலைவுக்கு இரு குழந்தைகள் தூது நடந்தனர். அன்னையாரும் சிற்றன்னையாரும் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினர்.

கல்லாற்றைக் கடந்ததும் எஞ்சின் பல்லைக் கவ்வும் ஓசை தரை வழியே காலில் ஏறியது. பாக்குத் தோட்டங்கள் கீழே சென்றன. ஒருபுறம் பாறைச்சுவர் கைக்கு எட்டும் அளவில் நெருங்கியது. மறுபுறம் பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டாத ஆழத்திற்கு விழுந்தது. குகைக்குள் வண்டி நுழையுந்தோறும் சிறுவர் கூவினர், பெரியோரும் கூவினர். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நீர் பருக வண்டி நின்றது. யாங்கள் இறங்கினோம். அன்னையார் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் குரங்கொன்று பாய்ந்து அதனைக் கவர்ந்து கூரைமேல் ஏறிற்று. பாட்டியார் அதனையும் பொருட்படுத்தினாரல்லர். பாதையோரத்தில் மலையை வெட்டிய இடத்திற்கு மெல்ல நடந்து சென்று, ஈரமான பாறைமேல் உள்ளங்கையைப் பதித்தார், நகத்தால் சுரண்டினார், கீழே கிடந்த சிறு துண்டொன்றை எடுத்து ஒளிக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்க் கல்," என்றார்.

சிற்றப்பா, "அம்மா, நம்ம ஊர் எங்கே, இது எங்கே? ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறோம்," என்றார். பாட்டியார் விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்கா தெரியாது? முப்பது வருஷம் உடைத்தேன். இந்த எண்ணெய் பூசின மாதிரிக் கறுப்பு, இந்தக் கனம், அடித்தால் வருகிற அந்தச் சத்தம், எல்லாம் அதேதான்," என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. நீலகிரி மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோக்கைட்டினாலாயது என்பது நிலநூல் பயின்றோர் அறிந்த செய்தி. பூமியின் ஆழத்தில் மிக்க வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிய அக்கல்லின் வயது 200 கோடி ஆண்டுகட்கும் மேற்பட்டது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தொட்டபெட்டா ஆகிய யாவும் அவ்வினத்துக் கல்லே. நூலிற் கண்ட இச்செய்தியை யாங்கள் பாட்டியார்க்குச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "அதைத்தானே நானும் சொன்னேன்," என்று கூறி வண்டியேறினார். எம் கல்வி முழுதும் அவர் உள்ளங்கையில் ஒரு நொடியில் அடங்கியது கண்டு யாங்களே வியந்தோம்.

குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்று டீசல் எஞ்சின் பூட்டப்பட்டது. நண்பகலில் உதகை சேர்ந்தோம். அன்று ஓய்வு. மறுநாள், 1848ஆம் ஆண்டில் மக்கைவர் என்பார் அமைக்கத் தொடங்கிய தாவரத் தோட்டத்தையும், அதற்கும் முன்னர் 1820களில் ஜான் சல்லிவன் என்னும் மாவட்டத் தலைவர் வெட்டுவித்த ஏரியையும் கண்டோம். தங்குமிடத்தில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஓர் அறையைப் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் கொடுத்துவிட்டு, மற்றோர் அறையில் தம் இருபுறமும் இரு மக்களையும் படுக்கச் சொல்லி நடுவே தாம் படுத்தார் பாட்டியார். குளிரில் நள்ளிரவில் எழுந்து ஒருவருக்குப் போர்வை இழுத்துவிடுவதும், பின்பு மற்றவருக்கு இழுத்துவிடுவதுமாக அவர் உறங்கவேயில்லை என்று தந்தையார் பின்னர் எமக்குச் சொன்னார். இரு மக்களும் விழித்தே இருந்தனராம். எனினும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தொட்டபெட்டா சென்றோம். படகர் மொழியில் அப்பெயர்க்குப் பெரிய மலை என்பது பொருள். 2637 மீட்டர் உயரமுள்ள அதுவே நீலகிரியின் உச்சி. சிற்றுந்து நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் மேல்நோக்கி நடத்தல் வேண்டும். பாதி வழியில் பாட்டியார் நின்றார். கல்தூசியை முப்பது ஆண்டு உண்ட நெஞ்சு, மெலிந்த மலைக்காற்றில் மூச்சுக்குத் திணறியது. உதடு வெளுத்தது. அன்னையார் அஞ்சி, "கீழே போய்விடுவோம், அத்தை," என்றார். பாட்டியார் தலையை அசைத்தார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சியைப் பார்க்காமல் போவேனா?" என்றார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

சிறிது நேரம் அமரச் செய்து, வெதுவெதுப்பான நீர் கொடுத்தபின் மூச்சு சீராயிற்று. ஆனால் நடக்க இயலவில்லை. தந்தையார் குனிந்து அவரைத் தூக்க முயன்றார்; தனியே ஏற முடியவில்லை. அப்போது சிற்றப்பா முன்வந்து தம் இரு கைகளையும் நீட்டினார். தந்தையார் ஒரு கணம் தயங்கினார். பின்பு தம் மணிக்கட்டையும் தம்பியின் மணிக்கட்டையும் பற்றி, நான்கு கைகளாலும் இருக்கை ஒன்று கோத்தனர். அன்னையாரும் சிற்றன்னையாரும் பாட்டியாரை அதன்மேல் அமர்த்தினர். அவர் தம் இரு கரங்களையும் இருவர் கழுத்திலும் சுற்றிக்கொண்டார்.

இருவர் சேர்ந்து ஒருவரைச் சுமந்து ஏற்றத்தில் ஏறுவது பேசாமல் நடக்கும் காரியம் அன்று. முதலடி தவறியது. பாட்டியார் ஒருபுறம் சாய்ந்தார்.

"இடக்காலை முதலில் வை," என்றார் தந்தையார்.

"சரி அண்ணா. நீ மெல்லப் போ," என்றார் சிற்றப்பா.

நான்கு ஆண்டுகட்குப்பின் அவர்கள் நேரே பேசிய முதற்சொற்கள் அவையே. பின்பு உச்சி வரையிலும் பேச்சு நிற்கவில்லை. அங்கே கல் வழுக்கும், இங்கே படி உயரம், சற்று நில், மூச்சு வாங்கிக்கொள், கை வலிக்கிறதா, இல்லை, உனக்கு, எனக்கும் இல்லை என்று பேசிக்கொண்டே சென்றனர். நாங்கள் பின்னே நடந்தோம். எவரும் எதுவும் சொல்லவில்லை. சிற்றன்னையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உச்சியில் பாட்டியாரைப் பாறை ஒன்றின்மேல் அமர்த்தினர். மேகம் விலகி மூடி, மீண்டும் விலகியது. நான்கு புறமும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாய்த் தெரிந்தன. அவர் தாம் அமர்ந்திருந்த கல்லைத் தடவிக்கொண்டே நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இதை உடைக்காமல் விட்டுவிட்டார்களே," என்றார். அக்குரலில் மகிழ்ச்சியும் இருந்தது. யாங்கள் பெயரிட இயலாத வேறொன்றும் இருந்தது. தம் கணவரை நினைத்தாரோ, குறைந்துபோன எம்மூர்க் குன்றை நினைத்தாரோ, யாம் அறியோம்.

சற்றுப் பொறுத்து மக்கள் இருவரையும் அருகில் அமரச் சொன்னார். "நான் இருக்கிறவரைக்கும் அந்த வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பிறகு விற்பதென்றாலும் வில்லுங்கள், வைத்திருப்பதென்றாலும் வைத்திருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள். உங்கள் அப்பா அந்தக் கல்லைத் தலைமேல் சுமந்து வந்தது நீங்கள் அதை நடுவில் போட்டுக்கொண்டு முறைத்துப் பார்ப்பதற்கு அல்ல," என்றார். தந்தையார் தலைகுனிந்தார். சிற்றப்பா, "கடன்காரன் தொல்லையில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன், அண்ணா," என்றார். தந்தையார், "நீ கஷ்டப்பட்டதை நானும் கேட்கவில்லை," என்றார். அவ்வளவே. வேறு மன்னிப்போ உறுதிமொழியோ அங்கே நிகழவில்லை. இறங்கும்போது அவர்கள் மீண்டும் கைகளைக் கோத்தனர். இம்முறை எவரும் யாருக்கும் காலடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பியபின் தந்தையார் தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைத் தம்பிக்குக் கடனாகக் கொடுத்தார். திருப்பித்தரும் தவணைகளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். உடன்பிறந்தாருக்குள் எழுத்து எதற்கு என்று சிலர் வினவினர். எழுதாமல் விட்டதாலேயே பல குடும்பங்கள் பிளந்தன என்பது எம் அன்னையாரின் கருத்து. அவ்வாண்டு பாட்டனாரின் நினைவு நாளில் இரு குடும்பத்தாரும் ஒரே வேளையில் ஒரே பந்தியில் உண்டோம்.

பாட்டியார் அதன்பின் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். உடல் தளர்ந்த நாட்களிலும், வந்தவர்க்கெல்லாம் தாம் மக்கள் கையிலேறி மலையுச்சி சென்ற கதையைச் சொல்லாதிருந்ததில்லை. அவர் மறைந்தபின் வீடு விற்கப்பட்டது. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசி, விலையைச் சேர்ந்தே முடிவு செய்து, பங்கைச் சரியாகப் பிரித்துக்கொண்டனர். பாட்டனார் தம் கையால் கொத்திய அம்மியும் குழவியும் மட்டும் மிஞ்சின. அம்மி ஒருவர்க்கும் குழவி ஒருவர்க்கும் ஆகுமோ என்று சிறுவர் கேட்டனர். "இரண்டையும் பிரித்தால் இரண்டும் வெறுங்கல்," என்று கூறி, அன்னையார் அவ்விரண்டையும் சிற்றப்பா வீட்டிற்கே அனுப்பிவிட்டார். விழா நாட்களில் யாங்கள் அங்கே செல்கின்றோம்; துவையல் அம்மியிலேயே அரைபடுகின்றது.

உடன் பயிலும் நண்பர்களே, விடுமுறையில் மலைகட்குச் செல்ல எண்ணுவோர் உங்களுள் பலர் உளர். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஊர்தியிற் செல்வோர் முன்கூட்டி மின்னனுமதி பெறும் முறை உயர்நீதிமன்ற ஆணையால் வந்தது. மலை தாங்கும் அளவுக்கு மேல் மக்கள் ஏறுவதே அதற்குக் காரணம். எனவே செல்லுமுன் விதிகளை அறிந்து செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். இளமையில் தோழரோடு செல்வது இன்பமே. ஆயினும் ஒருமுறையேனும் வீட்டிலுள்ள முதியோரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நடை மெதுவானது, மூச்சு குறுகியது, செலவும் சிறிது மிகும். ஆனால் நாம் வழியெல்லாம் காட்சி என்று கண்டு செல்வனவற்றுள் எத்தனை பொருள்களை அவர்கள் தம் கைகளால் அறிந்திருக்கின்றனர் என்பதை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டறிதல் நன்று.